பேயாகாமல் தப்பித்தவன்

மெக்ஸிகோ பக்கம் போகிற பாக்கியம் என்றைக்காவது உங்களுக்கு வாய்த்தால், ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆற்றங்கரை, ஏரிக்கரைப் பக்கம் தனியாகக் காற்று வாங்கப் போகாதீர்கள்.

போனால், வெள்ளை உடுப்பில், தலைவிரி கோலமாக ஒரு பெண் கரையோரம் அழுதுகொண்டே நடப்பாள். 'ஆய், மிஸ் ஈஹோஸ்!' என்பாள். 'ஐயோ, என் பிள்ளைங்களே!' என்று அர்த்தம். அழுகை பக்கத்தில் கேட்டால் கவலைப்படாதீர்கள், அவள் தூரத்தில் இருக்கிறாள். தூரத்தில் கேட்டால்தான் விவகாரம். உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள்!

பெயர் லா யோரோனா. எழுதும்போது இரண்டு 'எல்' போட்டுவிட்டு, படிக்கும்போது 'ய' என்று உச்சரிப்பது ஸ்பானிஷ்காரர்கள் வழக்கம். தமிழில் சொன்னால் 'அழுகிறவள்'. அவ்வளவுதான்.

கதை உங்களுக்கே பாதி தெரியும், எத்தனை சினிமா பார்த்திருக்கிறோம்! கிராமத்தில் ஏழைப் பெண். பெரும்பாலும் மரியா என்று பெயர். ஊரிலேயே அழகி. ஒரு நாள் குதிரையில் ஒருவன் வருகிறான். பணக்காரன், ஸ்பானிய ரத்தம், மீசை கீசை எல்லாம் ஜோராக இருந்திருக்க வேண்டும். காதல். இரண்டு குழந்தைகள். அதற்கப்புறம் ஆசாமி வருவது வாரத்துக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை என்று குறைகிறது. கடைசியில் ஒரு நாள் வருகிறான், பக்கத்தில் தன் அந்தஸ்துக்கு ஏற்ற சீமாட்டியோடு. குழந்தைகளோடு நாலு வார்த்தை பேசுகிறான். மரியாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. போய்விடுகிறான்.

அவள் வெறி பிடித்துப்போய் இரண்டு குழந்தைகளையும் ஆற்றில் அமுக்கிவிடுகிறாள். புத்தி தெளிந்து ஓடிப் பார்த்தால், தண்ணீர் கொண்டுபோயிருக்கிறது. கரையோரமே அழுது, அலைந்து, செத்தும் போகிறாள். மேலே போனால் சொர்க்க வாசலில், 'பிள்ளைகள் எங்கே?' என்று கேட்டு, 'தேடிக் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கு ஆரம்பித்தவள், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகள் அடம் பிடித்தால் நம் அம்மாக்கள் பூச்சாண்டியைக் கூப்பிடுகிற மாதிரி, அங்கே அம்மாக்கள் இவளைக் கூப்பிடுகிறார்கள். 'இருட்டின பிறகு வாய்க்கால் பக்கம் போனே.. தன் பிள்ளைன்னு நினைச்சு உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவா!' வேலி வேண்டாம், வாட்ச்மேன் வேண்டாம், சம்பளமும் கிடையாது. தண்ணீர்க் கரைகளுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இலாகா. குடித்துவிட்டு லேட்டாக வீடு திரும்பும் கணவன்மார்களும் அவளுடைய லிஸ்ட்டில் உண்டு.

மெக்ஸிகோவில் மட்டும் இல்லை. க்வாட்டமாலா, எல் ஸால்வடார், ஹோண்டுராஸ் என்று தெற்கே போனாலும் இவள் இருக்கிறாள். வடக்கே அமெரிக்காவிலும் இருக்கிறாள். 1848-ல் யுத்தத்தில் ஜெயித்து கலிஃபோர்னியா, நியூ மெக்ஸிகோ எல்லாவற்றையும் அமெரிக்கா எடுத்துக்கொண்டபோது எல்லைக்கோடுதான் நகர்ந்தது. பேய் நகரவில்லை.

* * *

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாகத் தங்கியது ஒன்றுதான். ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயாவது ஒரு வரவு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் யாரோ கையை வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதைக்கு ஐந்தொகை போட்டுப் பாருங்கள், இடிக்கும். குழந்தைகள் செத்தார்கள். மரியா செத்தாள். செத்தும் அவளுக்கு விடுதலை இல்லை. சரி, குதிரையில் வந்தவன்? ஆரம்பித்து வைத்தவன் அவன்தானே? வாய்வழியாகச் சொல்லப்படும் பெரும்பாலான கதைகளில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. தண்டனை இல்லை, சாபம் இல்லை, சொர்க்க வாசலில் அவனை நிறுத்தி யாரும் விசாரித்ததாகத் தகவல் இல்லை. சாவகாசமாகக் குதிரையைத் திருப்பிக்கொண்டு கதையை விட்டே போய்விட்டான். பேயாகக்கூட ஆகவில்லை!

கணக்கு இடித்தால் பழைய நோட்டை எடுத்துப் பார்ப்பதுதான் முறை. எடுத்துப் பார்ப்போம்.

* * *

இருப்பதில் பழைய நோட்டு இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்து நூலகம் ஒன்றில் பத்திரமாக இருக்கிறது. எழுதி முடித்தது சுமார் 1577-ல். எழுதியவர் பெர்னார்டினோ டி சஹாகுன் என்கிற ஸ்பானியப் பாதிரியார். 1529-ல் மெக்ஸிகோவுக்கு மதம் பரப்ப வந்தவர். 'இந்த ஜனங்களை மாற்றவேண்டுமானால் முதலில் இவர்களைப் புரிந்துகொள்ளணும்' என்று அவர்களுடைய நவாட்டில் மொழியைக் கற்றுக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, உள்ளூர் மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சாமியிலிருந்து சமையல் வரை கேட்டு எழுதினார். மொத்தம் 12 புத்தகங்கள். ஒரு பக்கம் நவாட்டில், ஒரு பக்கம் ஸ்பானிஷ், நடுநடுவே படங்கள். வந்த வேலையை விட்டுவிட்டு மனிதர் வேறு வேலையை மிக நன்றாகச் செய்துவிட்டார்.

முதல் புத்தகத்தில் சிவாகோவாட்ல் என்று ஒரு தெய்வம் வருகிறாள். 'பாம்புப் பெண்' என்று அர்த்தம். வெள்ளை உடுத்துவாள். ராத்திரியில் அழுவாள். அவள் அழுதால் யுத்தம் வரும். சில சமயம் சந்தைக்கு முதுகில் தொட்டிலோடு வந்து, மற்ற பெண்கள் நடுவே தொட்டிலை வைத்துவிட்டு மறைந்துபோவாள். 'யாருடைய குழந்தை, பாவம்' என்று எட்டிப் பார்த்தால், உள்ளே குழந்தை இருக்காது. பலி கொடுக்கிற கல் கத்தி இருக்கும்.

பன்னிரண்டாவது புத்தகம் இன்னும் சுவாரசியம். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்னால் அஸ்டெக் தலைநகரில் தென்பட்ட எட்டு துர்ச்சகுனங்களைச் சொல்கிறது. வானத்தில் தீ. கோயில் தானாகவே பற்றி எரிந்தது. காற்றே இல்லாமல் ஏரி கொதித்தது. தலையில் கண்ணாடி பதித்த ஒரு பறவையைப் பிடித்து மாக்டஸூமா மன்னனிடம் கொண்டுபோனார்கள். இதில் ஆறாவது சகுனம்: ராத்திரிகளில் ஒரு பெண் அழுதுகொண்டே போவாள். தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இனி இங்கே இருக்க முடியாது, உங்களை எங்கே கொண்டுபோய்க் காப்பாற்றுவேன் என்கிற மாதிரி புலம்புவாள்.

'எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்லப்பட்ட சகுனங்கள்' என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். நியாயம்தான். கம்பெனி மூழ்கிய பிறகு, 'எனக்கு அப்பவே தெரியும் ஸார்' என்று சொல்லாத ஹெட் கிளார்க் எங்கே இருக்கிறார்?

ஆனால், அதைச் சொன்ன பெரியவர்கள் எதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள் என்றும் யோசிக்க வேண்டும். 1519-ல் கோர்ட்டெஸ் வந்து இறங்கினான். 1520-ல் பெரியம்மை. அந்த ஜனங்கள் உடம்பு அதுவரை அறியாத வியாதி. கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். புதிதாகப் பட்டத்துக்கு வந்த மன்னன்கூட சுமார் 80 நாளில் போய்விட்டான். 1521 ஆகஸ்ட் 13-ல் நகரம் விழுந்தது. அத்தோடு முடியவில்லை. 1545-ல் மறுபடியும் கொள்ளைநோய். அந்த ஒரு நோயில் மட்டும் டிலாடெலோல்கோ என்ற இடத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்களைப் புதைத்ததாக சஹாகுனே எழுதியிருக்கிறார். 1576-ல், அவர் புத்தகத்தை முடிக்கும் நேரத்தில், இன்னொரு கொள்ளைநோய் நடந்துகொண்டிருந்தது.

பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று ஒரு தாய் ராத்திரியில் அழுதாள் என்றால், அது கற்பனையாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

ஒன்று கவனித்தீர்களா? இந்த நோட்டில் ஆறாவது சகுனமாக வருகிறவள் யாரையும் கொல்லவில்லை. சாகப்போகிற பிள்ளைகளுக்காக முன்கூட்டியே அழுகிறாள். அவ்வளவுதான்.

* * *

அப்படியானால் கொலைக் குற்றம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது என்கிறார் பேசில் கர்ட்லி என்கிற ஆராய்ச்சியாளர். 1960-ல் எழுதிய கட்டுரையில், ஜெர்மனியில் 15ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய 'வெள்ளைச் சீமாட்டி' பேய்க் கதையைக் காட்டுகிறார்.

அந்தக் கதையின் பிரபலமான வடிவம் இது. குனிகுண்டே என்று ஒரு விதவைச் சீமாட்டி, இரண்டு குழந்தைகள். அவளுக்கு ஆல்பிரெக்ட் என்கிற பிரபு மேல் காதல். அவன் சொல்லியனுப்புகிறான்: 'நாலு கண்கள் குறுக்கே இல்லையென்றால் கல்யாணம் செய்துகொள்வேன்.' அவன் சொன்னது தன் அப்பா அம்மாவின் கண்களை. அவள் தன் குழந்தைகள் என்று எடுத்துக்கொண்டாள். காரியத்தையும் முடித்துவிட்டாள். அப்புறம் வழக்கம்போல வெள்ளை உடை, அரண்மனை வராந்தா, அழுகை.

இங்கேயும் அந்தக் குழப்பமான மெமோவை அனுப்பியவன்மேல் ஆக்‌ஷன் எதுவும் இல்லை பாருங்கள்.

ஆனால் மெக்ஸிகோவில் இந்த வடிவம் மட்டுமே ஓடியதாகவும் நினைக்க வேண்டாம். மானுவெல் கார்பியோ (1791–1860) என்று ஒரு டாக்டர். கவிஞரும்கூட. அவர் யோரோனாவைப் பற்றி எழுதிய கவிதையில் அவள் கணவனால் கொல்லப்பட்டவள்! குழந்தைக் கொலை என்ற பேச்சே இல்லை. அதாவது, கணவன் குற்றவாளியாக நின்ற ஒரு ஃபைலும் இருந்திருக்கிறது. அது அடியில் போய்விட்டது. மேலே மிதந்தது, அவள் குற்றவாளியாக நிற்கிற ஃபைல்.

* * *

கதையில் மட்டும்தானா? நிஜமாகவே வாழ்ந்த ஒருத்தியின் மேலும் இந்தக் குற்றத்தைப் போட்டார்கள்.

அவளுடைய பெயர் மலின்ட்ஸின். ஸ்பானியர்கள் வைத்த பெயர் மரீனா. பிற்பாடு ஊர் வைத்த பெயர் மலின்ச்சே. 1519-ல் டபாஸ்கோவில் தோற்றுப்போனவர்கள் கோர்ட்டெஸுக்குக் கொடுத்த அடிமைப் பெண்களில் ஒருத்தி. மாயன் மொழியும் நவாட்டிலும் தெரிந்தவள். அதனால் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். கோர்ட்டெஸுக்கும் மாக்டஸூமாவுக்கும் நடந்த பேச்செல்லாம் இவள் வாய் வழியாகத்தான். சுமார் 1522-ல் கோர்ட்டெஸுக்கு ஒரு பிள்ளை பெற்றாள். மார்ட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1524-ல் அவளைத் தன் அதிகாரிகளில் ஒருவனுக்குக் கல்யாணம் செய்துவைத்துக் கைகழுவினான் கோர்ட்டெஸ். 1528-ல் பையனை ஸ்பெயினுக்கு அழைத்துப் போனான். அதற்கடுத்த ஓரிரு வருஷத்துக்குள் அவள் செத்துப்போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கோர்ட்டெஸ் அப்புறம் ஒரு பிரபு வீட்டுப் பெண்ணை மணந்து, பிறந்த பிள்ளைக்கும் மார்ட்டின் என்றே பெயர் வைத்தான். சாம்ராஜ்யத்தையே சுருட்டியவனுக்குப் பெயருக்குப் பஞ்சம்.

மரியா கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளூர்ப் பெண், வெளியூர் துரை, பிள்ளை, கைவிடல், சீமாட்டி.. அச்சு அசல். அதனால் ஜனங்கள் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். பையனை ஸ்பெயினுக்குக் கொண்டுபோவதற்கு முன் மலின்ச்சே கொன்றுவிட்டாள், அவள்தான் யோரோனா என்று ஒரு கதை. ரிக்கார்டுப்படி பையன் வளர்ந்து ஸ்பெயின் இளவரசர் அரண்மனையில் வேலை பார்த்தான்! அவன் அம்மாதான் அவனை மறுபடி பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்றும் மெக்ஸிகோவில் சொந்த நாட்டுச் சரக்கை மட்டமாகப் பேசி வெளிநாட்டு மோகம் பிடித்து அலைகிறவனை 'மலின்ச்சிஸ்டா' என்று திட்டுகிறார்கள். 17, 18 வயதில் கைமாற்றிக் கொடுக்கப்பட்ட அடிமைப் பெண்ணின் பெயர் வசவாகிவிட்டது.

* * *

'ஆண்களைப் பிடிக்கிற பேயே அந்தப் பக்கம் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. க்வாட்டமாலா, எல் ஸால்வடார் பக்கம் சிகுவானாபா என்று ஒரு அம்மணி. ராத்திரி ஆற்றில் குளித்துக்கொண்டோ, துணி துவைத்துக்கொண்டோ இருப்பாள். பின்னாலிருந்து பார்த்தால் கூந்தலும் இடுப்பும் பிரமாதம். வம்புக்குப் போகிற பேர்வழி, 'என்ன, தனியாவா?' என்று கிட்டே போவான். அவள் தள்ளித் தள்ளி, பள்ளத்தாக்கு விளிம்பு வரை கூட்டிக்கொண்டு போய், மெதுவாகத் திரும்புவாள். முகம் குதிரை முகம்! ஆசாமி ஒன்று விழுந்து சாவான், இல்லை, பித்துப் பிடித்து அலைவான். தப்பிக்க வழியும் சொல்லியிருக்கிறார்கள்: சிலுவைக் குறி போட்டுவிட்டு, இடுப்பில் இருக்கும் வெட்டுக்கத்தியைப் பல்லால் கடிக்க வேண்டுமாம். நம்மில் பலருக்கு டிபன் பாக்ஸ் ஸ்பூன்தான் கைவசம்.

நல்ல தண்டனைதான். ஆனால் இவளுடைய பூர்வ கதையைக் கேட்டால் அங்கேயும் பழைய வாசனை: பிள்ளையைச் சரியாகக் கவனிக்காத தாய், அதனால் சாபம். வெனிஸூலாவில் லா ஸயோனா என்று ஒருத்தி, துரோகம் செய்கிற கணவன்மார்களைத் தேடித் தேடித் தீர்க்கிறவள். அவளும் முதலில் சந்தேகத்தில் சொந்தக் குடும்பத்தைக் கொன்றவள். ஆணைத் தண்டிக்கிற உத்தியோகத்துக்குக்கூட, பெண் முதலில் பாவம் செய்த சர்ட்டிஃபிகேட் காட்டினால்தான் அப்பாயின்ட்மென்ட்.

* * *

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மாறும்போது கதையும் மாறுகிறது. 1968-ல் பெஸ் லோமாக்ஸ் ஹாஸ் என்கிற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை எழுதினார். லாஸ் ஏஞ்சல்ஸில் சிறுவர் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்ட பெண்கள் ராத்திரிகளில் ஒருவருக்கொருவர் யோரோனா கதை சொல்லிக்கொண்டதைப் பற்றி. வீட்டையும் தாயையும் பிரிந்த பெண்கள், பிள்ளையைத் தொலைத்த தாய் தங்கள் கட்டடத்திலேயே அலைகிறாள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது. 'நம்மையும் ஒருத்தி தேடுகிறாள்' என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

டெக்ஸஸில் ஸான் அன்டோனியோ அருகே ஒரு ஓடைக்கு 'கூவும் பெண் ஓடை' என்றே பெயர். அதை வைத்து ஸாண்ட்ரா ஸிஸ்னேரோஸ் 1991-ல் ஒரு சிறுகதை எழுதினார். கல்யாணமாகி மெக்ஸிகோவிலிருந்து வந்த பெண், கணவனிடம் அடி வாங்கி வாங்கி அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து யோரோனாவை நினைக்கிறாள். நாம் என்ன எதிர்பார்ப்போம்? அவள் ஓடையில் இறங்கவில்லை. கைக்குழந்தையோடும் வயிற்றுப்பிள்ளையோடும் இன்னொரு பெண்ணின் வண்டியில் ஏறி, ஓடையைத் தாண்டி ஊர் போய்ச் சேர்கிறாள். ஓடையைத் தாண்டும்போது வண்டி ஓட்டுகிற பெண் ஒரு கூச்சல் போடுகிறாள், டார்ஜான் மாதிரி. அழுகை இல்லை. உற்சாகக் கூச்சல்!

சினிமாக்காரர்கள் விடுவார்களா? மெக்ஸிகோ 1933-லேயே படம் எடுத்துவிட்டது. 2019-ல் ஒரே வருஷத்தில் இரண்டு படங்கள். ஒன்று ஹாலிவுட். கதவு கிறீச்சிடும், திடீரென்று முகம் வரும், நாம் பாப்கார்னைக் கொட்டுவோம். சுமார் 90 லட்சம் டாலர் செலவு, 12 கோடி டாலருக்கு மேல் வசூல். கணக்குப்படி நல்ல பேய். கொலைகாரத் தாய் கதை அதில் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று க்வாட்டமாலா படம். பெயர் வெறும் 'லா யோரோனா'. இயக்கியவர் ஹைரோ புஸ்டமான்டே. அதைப் புரிந்துகொள்ள நிஜத்தில் நடந்தது கொஞ்சம் தெரியவேண்டும். க்வாட்டமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டு யுத்தம். செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயன் பூர்வகுடிகள் என்றது 1999-ல் வந்த விசாரணைக் கமிஷன் அறிக்கை. 1982-83ல் நாட்டை ஆண்ட ஜெனரல் ரியோஸ் மோன்ட்டுக்கு, இன அழிப்பு உள்ளிட்ட குற்றங்களுக்காக 2013 மே 10-ம் தேதி 80 வருஷ ஜெயில் தண்டனை. பத்தே நாள். மே 20-ல் மேல் கோர்ட் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மறு விசாரணை முடிவதற்குள், 2018 ஏப்ரலில் 91 வயதில் காலமானார்.

படத்தில் அதே மாதிரி ஒரு கிழட்டு ஜெனரல். தீர்ப்பு வருகிறது, ரத்தாகிறது. வீட்டைச் சுற்றி ஜனக்கூட்டம். வேலைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்கள். புதிதாக ஒரு மாயன் பெண் வேலைக்கு வருகிறாள். ராத்திரியானால் அழுகைச் சத்தம். இவளுக்கும் இரண்டு பிள்ளைகள். இவள் பிள்ளைகளும் தண்ணீரில்தான் செத்தார்கள். ஆனால் அமுக்கியது அவள் கை இல்லை.

இந்த யோரோனா ஆற்றங்கரையில் அலையவில்லை. நேராகக் குற்றவாளியின் வீட்டு விலாசத்துக்கே வந்துவிட்டாள். நானூறு வருஷத்து ஐந்தொகையில் காணாமல் போன அந்த ஒரு வரியை யாரோ பென்சிலால் எழுதிப் பார்த்திருக்கிறார்கள்.

நீங்கள் மெக்ஸிகோ போவீர்களோ மாட்டீர்களோ, ஆபீஸ் கேன்டீனுக்குக் கட்டாயம் போவீர்கள். அங்கே யாராவது டீயை ஆற்றிக்கொண்டே, 'அவன் விட்டுட்டுப் போயிட்டான்ப்பா.. அதுக்கப்புறம் அவ என்ன பண்ணினா தெரியுமா?' என்று ஒரு கதையை ஆரம்பிப்பார்கள். எல்லோரும் இரண்டாவது பாதிக்குக் காதைத் தீட்டுவார்கள். நீங்கள் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, முதல் பாதியை விசாரியுங்கள். அவன் பெயர் என்ன? எந்த ஊர்? குதிரை எந்தப் பக்கம் போச்சு?